ரோமிலிருந்து வரும் வேனில் முன் சீட்டு

புக்கரெஸ்ட்
8 அக்டோபர், திங்கள் இரவு

ஸ்மரந்தா அக்கா,

இதைப் பூகோள நோட்டில் எழுதுகிறேன். பக்கத்தின் மேலே "டான்யூப் நதி" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன். வியோரிகா அத்தை எழுந்து வந்தால் வீட்டுப்பாடம் என்று சொல்லிக்கொள்ளலாம். நீ எனக்கு ஃபோன் செய்யாதே. அம்மாவை நீ ரோமில் எரித்துவிட்டாய் என்று தெரிந்த அன்றே அத்தை என் ஃபோனைப் பிடுங்கித் தையல் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். "எரிச்சவகிட்ட இந்த வீட்ல யாரும் பேசக்கூடாது" என்றாள். உன் பெயரைக்கூடச் சொல்வதில்லை. "அவ" என்கிறாள்.

நாளை பள்ளி விட்டதும் சந்தைக்குப் பின்னால் போய் இதை ஃபானே மாமாவிடம் கொடுப்பேன். அவர் வேன் செவ்வாய் இங்கே கிளம்பி வியாழன் ரோமில் இருக்கும். பதிலை அவரிடமே கொடு. வெள்ளி அங்கிருந்து கிளம்பி ஞாயிறு விடிகாலை இங்கே வந்துவிடுவார். அத்தை கோவிலுக்குப் போகும் நேரத்தில் நான் போய் வாங்கிக்கொள்வேன்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். அம்மா எந்த வழியில் வருவாள்?

அத்தை ஜன்னலில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரும் ஒரு துண்டும் வைத்திருக்கிறாள். தினமும் காலையில் ஒரு குச்சியில் கத்தியால் ஒரு வெட்டு போடுகிறாள். "செத்தவங்க நாப்பது நாளைக்குத் தன் கால் நடந்த வழியெல்லாம் திரும்ப நடப்பாங்கடி. களைச்சு வருவாங்க. தண்ணி குடிச்சு முகம் துடைச்சுப்பாங்க. கால் படாத வழி அவங்களுக்குத் தெரியாது" என்றாள். தினமும் காலையில் தண்ணீர் இரண்டு விரல் குறைந்திருக்கிறது. துண்டு ஈரமாக இருக்கிறது. நான் தொட்டுப் பார்த்தேன்.

விமானம் என்றால் இரண்டு மணி நேரம். வேன் என்றால் ஒன்றரை நாள். ரயில் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா எது எதில் போயிருக்கிறாள்? எல்லாவற்றையும் எழுது. எப்போது வருவாள் என்று தெரிந்தால் அன்று மட்டும் நான் அத்தையோடு படுத்துக்கொள்வேன்.

நேற்று ஃபானே மாமா சொன்னார்: "உங்கம்மா சீட்டு அப்படியேதான் இருக்கு பாப்பா. என் பக்கத்துல, முன்னாடி. நாப்பது நாள் முடியறவரை யாரையும் உட்கார விடமாட்டேன்." ஆறுதலுக்குத்தான் சொன்னார். நான் வேன் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடிவந்தேன்.

இலின்கா

*

ரோம்
11 அக்டோபர்

சுண்டெலி,

டான்யூப் நதி நன்றாக ஓடுகிறது. எழுத்துப் பிழை மூன்று. அத்தை பிடித்தால் அதற்கே அடிப்பாள்.

நான் பார்த்துக்கொள்ளும் எர்சீலியா கிழவி தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன். தொண்ணூற்றொரு வயது. என்னை ஒரு நாள் மரீயா என்கிறாள், ஒரு நாள் திருடி என்கிறாள்.

நீ கேட்டாய், சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் இங்கே வேலைக்கு முதல்முறை வந்தபோது அம்மா ரயிலில் வந்தாள். புடாபெஸ்டில் ஒரு மாற்றம், வியன்னாவில் ஒரு மாற்றம், வெனிஸ் பக்கத்தில் இன்னொன்று. வியன்னாவில் தப்பான ரயிலில் ஏறி ஏதோ மலையூரில் இறங்கி, அங்கே ஒரு கன்னியாஸ்திரீ இவளைத் திரும்ப ஏற்றிவிட்டாளாம். இரண்டு இரவு, ஒன்றரைப் பகல். "இனிமே செத்தாலும் ரயில்ல வரமாட்டேன்" என்று என்னிடம் நூறு முறை சொல்லியிருக்கிறாள். அதனால் அதை விட்டுவிடு.

வேனில் பன்னிரண்டு முறை, போகவும் வரவும். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று எப்போதும் முன் சீட்டு. ஸ்லோவேனியாவில் எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தம் என்பதுவரை அவளுக்கு மனப்பாடம். விமானத்தில் ஒருமுறைகூட இல்லை. இங்கே தலைக்கு மேலே விமானம் போனால் நின்று மூன்று முறை சிலுவை போட்டுக்கொள்வாள், உள்ளே இருப்பவர்களுக்காக.

ஹீட்டருக்கு மேலே வைத்த தண்ணீர் குறையத்தான் செய்யும். தூங்கு. ஏன் எரித்தேன் என்று மட்டும் கேட்காதே.

ஸ்மரந்தா

*

புக்கரெஸ்ட்
15 அக்டோபர்

அக்கா,

ஜன்னலுக்குக் கீழே ஹீட்டர் இல்லை. நீ மறந்துவிட்டாய். ஹீட்டர் கதவுப் பக்கம்.

இந்த வாரம் பூகோள டீச்சர் நிஜமாகவே அந்தப் பாடத்தைக் கொடுத்தாள். ஐரோப்பாவில் இரண்டு பெரிய நகரங்களை எடுத்துக்கொண்டு, போக எத்தனை வழி, எது நல்லது என்று எழுத வேண்டும். எல்லோரும் பாரிஸும் லண்டனும் எழுதினார்கள். நான் ரோமும் புக்கரெஸ்டும் எழுதினேன். வேனில் போகிறவர்கள் எங்கே நிற்பார்கள், ஹங்கேரியிலிருந்து நம் நாட்டுக்குள் வரும் நட்லாக் எல்லையில் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், முன் சீட்டு ஏன் நல்லது என்று மூன்று பக்கம். டீச்சர் பத்துக்குப் பத்து போட்டுவிட்டு, "நீ போயிருக்கியா?" என்றாள். நான் போனதில்லை. "அப்போ யாரு சொன்னா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வகுப்பே பார்த்தது.

இப்போது ஃபானே மாமா சொன்னதைக் கேள். நேற்று கடிதம் வாங்கப் போனபோது அவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"பாப்பா, இதை உன்கிட்ட சொல்லலாமான்னு தெரியல. முன் சீட்டுல ஆள் உட்கார்ந்து பெல்ட் போடலைன்னா வண்டி கீங் கீங்னு கத்தும் தெரியும்ல? நட்லாக் தாண்டினதும் கத்த ஆரம்பிச்சுது. சீட்டு காலி. ஒரு பார்சல்கூட இல்ல. அடுத்த ஊர் அராத் வர்ற வரைக்கும் கத்திச்சு. பின்னாடி இருந்தவங்க எல்லாம் என்னைத் திட்டறாங்க."

"அப்புறம் எப்படி நின்னுது?"

"நான் கையை நீட்டி அந்தப் பெல்ட்டை எடுத்து மாட்டினேன். நின்னுடுச்சு."

அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் எரிந்தவர்களுக்கு வழி தெரியுமா என்று கேட்டேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நம்ம ஆளுங்கள்ல யாருடி எரிப்பாங்க? உடம்பு மண்ணுக்குள்ள இருந்தாதான் அது வீடு எதுன்னு பார்த்து வரும். நாப்பதாம் நாள் நவம்பர் மூணு, சனிக்கிழமை. அன்னிக்கு மத்தியானம் பாதிரியார் மணியடிக்கறதுக்குள்ள வீடு வந்து சேரலைன்னா ரோட்லயே நின்னுடும். அப்புறம் எந்தக் காலத்துக்கும் ரோடுதான்" என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாம் அவளால" என்றாள்.

அம்மாவை எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் ரோட்டிலேயே நின்றுவிடுவாள் என்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. கேட்காதே என்று சொன்னதைக் கேட்கிறேன். ஏன் எரித்தாய்?

இலின்கா

*

ரோம்
18 அக்டோபர்

இலின்கா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கிக் கிழித்தேன்.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. டாக்டர் சொல்லவில்லை, ஆனாலும் தெரிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை விமானத்துல மட்டும் ஏத்திடாதடி. பெட்டிக்குள்ள போட்டு, இருட்டுல, சாமான் வைக்கற இடத்துல... எனக்கு மூச்சு முட்டும்" என்றாள். செத்தவளுக்கு எப்படி மூச்சு முட்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

அவள் போனபின் சவ அடக்கம் செய்கிறவர்களிடம் போனேன். பெட்டியோடு என்றால் விமானம் என்றார்கள். சாலை வழியாகப் போகத் தனிக் கறுப்பு வண்டி வேண்டும். அதற்கு அவர்கள் சொன்னதைக் கேட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, சாம்பலாக்கினால் மடியில் வைத்துக்கொண்டு எதில் வேண்டுமானாலும் போகலாம் என்றார்கள். நான் ஃபானே மாமாவின் முன் சீட்டை நினைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவ்வளவுதான். அத்தையிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் முதல் வார்த்தையிலேயே "கொலைகாரி" என்றாள். நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

ஜாடி என் அலமாரியில் இருக்கிறது. என்ன, ஏது என்று கிழவிக்கு நான் சொல்லவில்லை. நேற்று மாலை அவள் அலமாரியைக் காட்டி, "அந்தம்மா வண்டி எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, பதில் சொல்லேன்" என்றாள். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இப்போது சிக்கலைக் கேள். சாம்பல் எல்லை தாண்டவும் பாஸ்போர்ட் மாதிரி ஒரு காகிதம் வேண்டும். அது நவம்பர் இரண்டு, வெள்ளிக்கிழமை காலைதான் கையில் கிடைக்கும். அன்று மதியம் வேனில் ஏறினால் ஞாயிறு விடிகாலை. நாற்பதாம் நாள் முந்தின நாளே முடிந்துவிடும். அன்று மாலை விமானம் ஏறினால் அன்றிரவே வீடு. ஆகவே விமானத்தில்தான் கொண்டுவர வேண்டும். அவள் கடைசியாக வேண்டாம் என்று சொன்ன அதே வழியில். இதற்காகவா எரித்தேன்?

நீயே சொல். எனக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை.

ஸ்மரந்தா

*

புக்கரெஸ்ட்
22 அக்டோபர்

அக்கா,

விமானம் வேண்டாம். ஜாடி வந்துவிடும், ஆனால் அம்மா வரமாட்டாள். அவள் காலடி அந்த வழியில் இல்லை. விமான நிலையத்தில் நீ அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவாய், அவள் வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டிருப்பாள். நீ திரும்பிப் பார்க்கக்கூட மாட்டாய்.

ஃபானே மாமாவிடம் வேகமாக ஓட்ட முடியுமா என்று கேட்டேன். "பாப்பா, ரெண்டாயிரம் கிலோமீட்டர். நான் பறந்தாலும் எல்லைல பறக்க விடமாட்டான்" என்றார். இந்த வாரமும் சீட்டு கீங் கீங் என்று கத்தியதாம். இனிமேல் அவர் ரோமிலேயே அந்தப் பெல்ட்டை மாட்டிவிடப் போகிறாராம்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அம்மா எத்தனை மணிக்குப் போனாள்? அத்தை 25 செப்டம்பர் என்று மட்டும்தான் சொன்னாள். ஆஸ்பத்திரி உனக்குத் தந்த காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். மணி வேண்டும். நிமிடத்தோடு வேண்டும். ஏன் என்று இப்போது கேட்காதே. நீயும் ஒருமுறை கேட்காதே என்று சொன்னாய், நான் ஒரு நாள் பொறுத்தேன்.

இலின்கா

*

ரோம்
25 அக்டோபர்

சுண்டெலி,

இரவு பதினொன்று பத்து. கட்டிலுக்கு எதிரே சுவரில் பெரிய கடிகாரம் இருந்தது. நர்ஸும் அதைப் பார்த்துத்தான் எழுதினாள்.

மணி கேட்டதால் மீதியையும் சொல்கிறேன். உன் பிறந்தநாளுக்கு வர முடியாமல் போனதிலிருந்து நீ அவளிடம் பேசவில்லை என்று சொன்னாள். "வேன்ல வர்றதா இருந்தா வராதே, எல்லார் அம்மாவும் விமானத்துலதான் வர்றாங்க" என்றாயாமே. அதைக் கோபமாகச் சொல்லவில்லை, உன் குரலிலேயே நடித்துக் காட்டினாள். கடைசியில் அவள் கைக்கு எட்டவில்லை, அதனால் அவள் ஃபோனிலிருந்து நான்தான் உன் எண்ணை அழுத்திக் காதில் வைத்தேன். அடித்தது. நீ எடுக்கவில்லை. "விடு, குழந்தை தூங்கறா" என்றாள். அழைப்பு தானாக நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தபோது பதினொன்று பத்து.

நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அது யார் குற்றமும் இல்லை.

விமானச் சீட்டு எடுத்துவைத்திருக்கிறேன். வேறு வழி தெரியவில்லை.

ஸ்மரந்தா

*

புக்கரெஸ்ட்
29 அக்டோபர்

அக்கா,

அழைப்பு தானாக நிற்கவில்லை.

நான் விழித்திருந்தேன். போர்வைக்குள் ஃபோனை வைத்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். திரையில் அம்மா என்று வந்தது. நான்கு முறை அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவதில் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், இன்னும் ஒரு நாள் அவள் கெஞ்சட்டும் என்று நினைத்தேன். அதனால்தான் அவள் வருவாள் என்று பயந்தேன். என்னிடம் கேட்கத்தான் வருகிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அக்கா, அழுத்தியதும் மூலையில் மணி பார்த்தேன். பன்னிரண்டு பத்து. அங்கே பதினொன்று பத்து என்றால் இங்கே ஒரு மணி நேரம் அதிகம். நாள் மாறிவிட்டது. இங்கே அப்போது இருபத்தாறு, புதன்கிழமை. நீங்கள் எல்லோரும் ரோம் காகிதத்தை வைத்து எண்ணினீர்கள். அம்மா வரவேண்டிய வீடு ரோமில் இல்லை. இங்கே எண்ணினால் நாற்பதாம் நாள் ஞாயிறு. வேன் வந்துவிடும்.

இதை நான் சொன்னால் அத்தை நம்பமாட்டாள், அந்த அழைப்பைப் பார்த்தால் நம்புவாள். அழைப்பு என் ஃபோனில் இருந்தது. ஃபோன் தையல் பெட்டியில். காட்டினால் நான் அழைப்பைத் துண்டித்ததும் தெரிந்துவிடும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று காலை முழுக்கக் குளியலறையில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டபிறகு போய் நின்றேன்.

"அத்தை, என் ஃபோன் வேணும். ஒண்ணு காட்டணும்."

"எதுக்கு? அவகூடப் பேசவா?"

"இல்ல. அம்மா எனக்குப் பண்ணின ஃபோனைக் காட்டணும்."

அவள் சாவியை எடுத்தாள். சார்ஜ் ஏறும்வரை இரண்டு பேரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன், பொத்தானையும் சேர்த்து. பெட்டி, விமானம், மூச்சு முட்டும் என்று அம்மா சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"புதன்கிழமை" என்றாள். பிறகு குச்சியை எடுத்துவந்து உருளைக்கிழங்குக் கத்தியால் முதல் வெட்டைச் சீவித் தள்ளினாள். "இது பொய். அன்னிக்கு அவ உசுரோட இருந்தா. உசுரோட இருக்கறவளுக்கா தண்ணி வெச்சேன் நான்?"

"அத்தை, ஜாடியைப் பார்த்தா பாதிரியார் ஜெபம் பண்ண மாட்டேன்னு..."

"பாதிரியாருக்கு நான் பேரை மட்டும் எழுதிக் குடுப்பேன். ஜாடியா பானையான்னு அவருக்கு எதுக்கு?" எழுந்து நாற்பதாம் நாள் படையலுக்கு வேகவைக்கும் கோதுமை டப்பாவைத் திறந்து போதுமா என்று பார்த்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்: "அந்த வேன்காரன் ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வருவான்?"

பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்னடி முழிக்கற? டான்யூப் நதியைப் பத்தி எந்தப் பள்ளிக்கூடத்துலடி இவ்வளவு எழுதச் சொல்றாங்க?"

விமானச் சீட்டைக் கிழித்துப் போடு. வேனில் வா. "அவ" என்று சொல்லவில்லை அத்தை. "ஸ்மரந்தாவுக்குக் குளிர் தாங்காது, கம்பளி எடுத்து வை" என்றாள்.

இலின்கா

*

நட்லாக் எல்லை
3 நவம்பர், சனி மாலை

இலின்கா,

இந்தக் கடிதத்தை உன் கையில்தான் தரப்போகிறேன். ஆனாலும் எழுதுகிறேன். இதை வாயால் சொல்ல என்னால் முடியாது.

அம்மா முன் சீட்டில் இருக்கிறாள். ஃபானே மாமா பெல்ட் மாட்டியிருக்கிறார். வழியெல்லாம் ஒரு சத்தமும் இல்லை. ஸ்லோவேனியாவில் அவளுடைய பெட்ரோல் பங்கில் நின்றோம். யாரும் கேட்காமலே அவர் இரண்டு காப்பி வாங்கி ஒன்றை அவள் பக்கம் வைத்தார்.

இப்போது எல்லையில் அதிகாரி டார்ச் அடித்து, "இது என்ன?" என்றான். காகிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். திறந்து காட்ட ஃபானே மாமா பெல்ட்டைக் கழற்றியதும் மணி கீங் கீங் என்று அடித்தது. "மூணு கிலோவுக்கு இது கத்தாது. ஆள் எடை இருந்தாதான் கத்தும்" என்றார் மெதுவாக. அதிகாரி, "மாட்டுங்க, மாட்டுங்க. போங்க" என்றான்.

நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். நீ அழுத்தியது அம்மாவுக்குத் தெரியும். மணி பாதியில் அறுந்து டொக் என்று வந்தது, நானும் கேட்டேன். "குழந்தை தூங்கறா" என்று அவள் சொல்லவில்லை. சிரித்தாள். "முழிச்சுதான் இருக்கா கழுதை. கோபம் இன்னும் போகல. சரி, நேர்ல போய்ப் பேசிக்கறேன்" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. நீ ஏற்கெனவே பயந்துபோயிருந்தாய், அதனால்தான் மாற்றி எழுதினேன்.

என் ஃபோன் செத்துவிட்டது. அம்மாவுடையது அன்றிலிருந்து அணைத்தே பையில் கிடந்தது. அதை ஃபானே மாமாவின் சார்ஜரில் போட்டிருக்கிறேன். பன்னிரண்டு பத்துக்கு அதிலிருந்து உன்னைக் கூப்பிடலாமா என்று தோன்றுகிறது. பயப்படுவாயோ என்றும் தோன்றுகிறது. இன்னும் முடிவு செய்யவில்லை.

ஸ்மரந்தா

*

புக்கரெஸ்ட்
3 நவம்பர், சனி இரவு

அக்கா,

இதை எந்த வண்டியிலும் அனுப்பப் போவதில்லை. காலையில் நீ வந்ததும் கொடுப்பேன். இன்று நோட்டின் தலையில் டான்யூப் நதி என்று எழுதவில்லை.

கோதுமை வெந்து ஆறிவிட்டது. அத்தை அதன்மேல் சர்க்கரை தூவி, வாதுமைப் பருப்பால் சிலுவை வைத்திருக்கிறாள். நாங்கள் இருவரும் சேர்ந்து தம்ளரை நிரப்பினோம். அப்போது நான் கேட்டேன்.

"அத்தை, இத்தனை நாளா இந்தத் தண்ணியை நீங்கதானே குடிச்சீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். "நானா? நீ குடிக்கறேன்னுல்ல நினைச்சேன்."

துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் இப்போது ஹாலில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள், கையில் துண்டோடு.

நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எப்போதும் இந்த நேரத்துக்குள் தண்ணீர் குறையத் தொடங்கியிருக்கும். இன்று விளிம்புவரை அப்படியே இருக்கிறது. துண்டு காய்ந்திருந்தது. அம்மா இங்கே இல்லை. உங்களோடு வேனில் இருக்கிறாள், முன்னால், பெல்ட் போட்டுக்கொண்டு. இந்நேரம் சிபியு தாண்டியிருப்பீர்கள்.

எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் அத்தையின் பக்கத்தில் போய்ப் படுக்கவும் இல்லை.

அத்தை ஃபோனை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். தம்ளர் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மணி பன்னிரண்டு ஏழு. இன்னும் மூன்று நிமிடத்தில் அது அடித்தால், திரையில் யார் பெயர் வந்தாலும், முதல் மணியிலேயே எடுப்பேன்.

இலின்கா